ஊபர் பங்கை எடைபோடுவது எப்படி: ஒரு சவாரியில் தொடங்கி விலையில் முடியும் முழு வழிகாட்டி

2025 பிப்ரவரியில் ஊபரின் ஆண்டுக் கணக்கு வந்த வாரம், சித்தப்பா மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "அண்ணே, ஊபர் பிஇ 14தான் காட்டுது. இவ்ளோ வேகமா வளர்ற அமெரிக்க கம்பெனி இவ்ளோ மலிவா? போட்டுடவா?"

பையன் கணக்கில் கெட்டி. பிஇ என்பது பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்து வருவது; வகுத்ததில் தப்பே இல்லை. வகுக்க எடுத்துக்கொண்ட லாபம்தான் தப்பு. அது எப்படி என்பது 5-ஆம் படியில் வரும். அவனைப் போல இந்தத் தொழிலின் பங்குகளைப் பார்க்க வருகிறவர்கள் பலரும் விலையில் தொடங்கி, பிஇ பார்த்து, நாலு செய்தி படித்து, கம்பெனி காசு பார்ப்பது எப்படி என்ற கேள்விக்குக் கடைசியில்தான் வருகிறார்கள். நான் இங்கே எழுதியிருப்பது அதற்குத் தலைகீழான வரிசை. முதலில் ஒரு சவாரி, பிறகு அந்தச் சவாரிகளின் எண்ணிக்கை, பிறகு லாபம், பிறகு ரொக்கம். விலை எல்லாவற்றுக்கும் பிறகு. வரிசையை மாற்றினால், ஏற்கெனவே மனதுக்குப் பிடித்துப்போன விலைக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று சொல்லும் கட்டுரை இல்லை இது. உதாரணத்துக்கு ஊபரின் 2024 கணக்கை எடுத்திருக்கிறேன். புது ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் அதே கட்டங்களில் அந்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

எந்தக் கம்பெனி என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சிரிக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்கு வெளியீட்டுக்கு வந்த ஓலா எலக்ட்ரிக் பங்கை, ஓலா டாக்சிதான் பட்டியலாகிவிட்டது என்று நினைத்து வாங்கிய இருவரை எனக்குத் தெரியும். அது ஸ்கூட்டர் கம்பெனி. டாக்சி ஆப்பை நடத்துவது வேறு நிறுவனம், அது பட்டியலாகவில்லை. சந்தையில் கிடைக்கும் சவாரிக் கம்பெனிகளில் முக்கியமானவை நியூயார்க் பங்குச் சந்தையில் ஊபர், நாஸ்டாக்கில் லிஃப்ட், தென்கிழக்கு ஆசியாவின் கிராப். சீனாவின் டிடி 2021 ஜூனில் நியூயார்க்கில் பட்டியலாகி, ஒரே வருடத்தில் வெளியேறியது.

அடுத்து ஆவணங்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் எல்லாம் இலவசம். 10-கே என்னும் ஆண்டறிக்கை பிப்ரவரியில் வரும். 10-கியூ காலாண்டு அறிக்கை. இவை இரண்டும் போதும். கம்பெனி வெளியிடும் வண்ணமயமான முடிவுச் செய்தியைக் கடைசியாகப் படியுங்கள். அதில் எந்த எண்ணை மேலே வைப்பது என்பதைக் கம்பெனி முடிவு செய்கிறது. 10-கேயில் சட்டம் முடிவு செய்கிறது.

அந்தச் செய்திக்குறிப்பில் எழுத்துப் பிழையும் வரும். 2024 பிப்ரவரி 13 அன்று லிஃப்ட் தன் முடிவுகளை வெளியிட்டபோது, லாப விகிதம் அந்த ஆண்டு அரை சதவீதப் புள்ளி கூடும் என்பதற்குப் பதில் ஐந்து சதவீதப் புள்ளி கூடும் என்று அச்சாகிவிட்டது. ஒரே ஒரு பூஜ்யம் அதிகம். சந்தை நேரத்துக்குப் பிந்தைய வர்த்தகத்தில் பங்கு 60 சதவீதத்துக்கு மேல் எகிறி, திருத்தம் வந்ததும் இறங்கியது. அந்தச் சில நிமிடங்களில் வாங்கியவர்கள் யாரும் அட்டவணையைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, அலகு. அட்டவணைகள் மில்லியன் டாலரில் இருக்கும். 10 மில்லியன் ஒரு கோடி. ஒரு பில்லியன் 100 கோடி. எக்செல் தாளில் முதல் வேலையாக எல்லாவற்றையும் கோடி டாலராக மாற்றிவிடுங்கள். நம் மூளைக்குக் கோடியில்தான் அளவு பிடிபடும். ரூபாயாக மட்டும் மாற்றாதீர்கள். டாலர் மதிப்பு ஏறினதெல்லாம் கம்பெனி வளர்ந்ததுபோலத் தெரியும்.

2. ஒரே ஒரு சவாரியைப் பிரித்துப் பாருங்கள்

கம்பெனியை மறந்துவிட்டு, ஒரு சவாரிக்குக் கொடுத்த காசு யார் யாருக்குப் போகிறது என்று எழுதுங்கள். பயணி கொடுத்ததில் வரியும் சுங்கக் கட்டணமும் அரசுக்கு. பெரும்பங்கு டிரைவருக்கு. மீதியில் விபத்துக் காப்பீடு, கார்டு கட்டணம், சர்வர் செலவு, கஸ்டமர் கேர், விளம்பரம், அலுவலகச் சம்பளம். இத்தனையும் போனபின் மிஞ்சுவதுதான் பங்குதாரருக்கு.

ஊபரின் 2024 எண்களை இப்படி வகுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு 1,127 கோடி பயணங்கள். ஊபர் கணக்கில் 'பயணம்' என்றால் சவாரியும் உண்டு, பிரியாணி டெலிவரியும் உண்டு. சரக்கு லாரித் தொழிலை ஒதுக்கிவிட்டால், ஒரு பயணத்துக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்தது சராசரியாக 14 டாலர். கம்பெனியின் இயக்க லாபம் (வட்டியும் வரியும் கழிக்கும் முன் தொழிலில் மிஞ்சியது) 280 கோடி டாலர். அதையும் பயணங்களால் வகுத்தால் 25 சென்ட்.

14 டாலரில் 25 சென்ட். இந்த ஒரு வரியைத் தாளின் உச்சியில் எழுதி வையுங்கள். இனி வரும் எந்தச் செய்தியையும் இதனோடு உரசிப் பார்க்கலாம். ஒரு மாநிலம் டிரைவர்களுக்குச் சவாரிக்கு 10 சென்ட் கூடுதலாகக் கொடு என்றால் என்ன ஆகும்? காப்பீடு 20 சென்ட் குறைந்தால்? இந்தத் தொழிலில் லாபம் மெல்லிய இழை. சில்லறை மாற்றம்கூட அதைப் பாதியாக்கும், இரண்டு மடங்காகவும் ஆக்கும். மொத்த எண்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்த மெலிவு கண்ணில் படாது.

3. மொத்த புக்கிங், வருவாய்: எதை நம்புவது

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

வாடிக்கையாளர்கள் செலுத்திய முழுத் தொகை 'மொத்த புக்கிங்'. வரி, சுங்கம், டிரைவர் பங்கு எல்லாம் இதற்குள் அடக்கம். டிப்ஸ் மட்டும் சேராது. தள்ளுபடி கொடுத்திருந்தாலும் இதில் கழிக்கமாட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2024-இல் இது 16,280 கோடி டாலர். அதில் கம்பெனி தன் கணக்கில் காட்டுவது 'வருவாய்', 4,400 கோடி டாலர். வருவாயை புக்கிங்கால் வகுத்தால் 27%. கம்பெனி எடுக்கும் பங்கு என்று இதைத்தான் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 'டிரைவரிடமிருந்து 27% பிடுங்குகிறார்கள்' என்று கோபப்படுகிறவர்களும் உண்டு, 'விலை நிர்ணய சக்தி பார்த்தீர்களா' என்று பூரிப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் ஒரே குழியில் விழுகிறது.

காரணம் பிரிட்டன். 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஊபர் டிரைவர்களைத் தொழிலாளர் என்ற வகையில் வைத்துத் தீர்ப்பளித்தது. அதன்பிறகு அங்கே தொழில் முறை மாறி, பயணியோடு ஒப்பந்தம் செய்பவர் டிரைவர் இல்லை, ஊபரே என்றானது. இது கணக்கில் என்ன செய்கிறது என்று பாருங்கள். பயணி 20 பவுண்டு கொடுக்கிறார், டிரைவருக்கு 15 போகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் வருவாய் 5 பவுண்டு. புதிய முறையில் வருவாய் 20, செலவு 15. கம்பெனி பையில் மிஞ்சியது அதே 5. ஆனால் வருவாய் நாலு மடங்கு! 2022-இல் ஊபரின் வருவாய் வளர்ச்சி அசுரத்தனமாகத் தெரிந்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தியாவில் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. 2025 பிப்ரவரியில் ஊபர் இங்கே ஆட்டோக்களுக்குக் கமிஷனை விட்டுவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. பயணி பணத்தை டிரைவரிடமே ரொக்கமாகவோ யுபிஐயிலோ கொடுத்துவிடுகிறார், டிரைவர் ஆப்புக்குச் சந்தா கட்டுகிறார். ஒரே தொழில், இரண்டு நாட்டில் இரண்டு விதக் கணக்கு.

அதனால் நான் பின்பற்றும் விதி இது: லாபம் எதுவானாலும் வருவாயால் வகுக்காதீர்கள், மொத்த புக்கிங்கால் வகுங்கள். சட்டம் மாறினாலும் ஒப்பந்தம் மாறினாலும் அதிகம் ஆடாமல் நிற்கும் அடி எண் அதுதான். ஊபர் சொல்லும் 'சரிக்கட்டிய எபிட்டா'வை (வட்டி, வரி, தேய்மானம், இன்னும் சில செலவுகளைக் கழிக்காமல் காட்டும் லாபம்) இப்படி வகுத்தால் 2022-இல் 1.5%, 2023-இல் 2.9%, 2024-இல் 4%. சரிக்கட்டிய எபிட்டா அழுக்கான எண்தான், அடுத்தடுத்த படிகளில் அதை அலசுவோம். இருந்தாலும் போகும் திசை தெரிகிறது.

4. வளர்ச்சி வந்தது எந்த வாசல் வழியாக?

புக்கிங் மூன்று வழியில் கூடும்: ஆட்கள் கூடினால், ஒரு ஆள் போகும் தடவை கூடினால், கட்டணம் கூடினால். மூன்றும் ஒரே தரமான வளர்ச்சி இல்லை. கட்டண உயர்வில் வந்த வளர்ச்சி ஒருநாள் வாடிக்கையாளரை பஸ்ஸுக்கோ சொந்த வண்டிக்கோ துரத்திவிடும்.

2023-இல் 945 கோடி பயணங்கள், 2024-இல் 1,127 கோடி. 19% கூடுதல். புக்கிங் கூடியது 18%. அப்படியானால் சராசரிக் கட்டணம் உயரவில்லை, வளர்ச்சி முழுக்கப் பயணங்களில்தான் வந்திருக்கிறது. 2024 கடைசிக் காலாண்டில் மாதம் ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் 17.1 கோடிப் பேர், ஆளுக்கு மாதம் சுமார் 6 பயணம். அடுத்த காலாண்டுகளில் இந்த இரண்டில் எது நின்றுபோகிறது என்று பாருங்கள்.

நாணய மாற்றத்தை மறக்க வேண்டாம். டாலர் வலுத்த காலாண்டில் பிரேசிலிலும் இந்தியாவிலும் வந்த புக்கிங் சுருங்கித் தெரியும். அறிக்கையில் 'நாணய மாற்றம் நீக்கிய வளர்ச்சி' என்று தனி எண் இருக்கும், அதை எடுங்கள். ஆனால் எல்லாக் காலாண்டுக்கும் அதையே எடுங்கள். அழகாக இருக்கும் பக்கம் தாவக்கூடாது.

இன்னொன்று: ஊபரை டாக்சிக் கம்பெனி என்று மட்டும் நினைத்து எடைபோட்டால் பாதிக் கம்பெனியை விட்டுவிடுவீர்கள். 2024 புக்கிங்கில் சவாரி சுமார் 8,300 கோடி, டெலிவரி சுமார் 7,460 கோடி. ஏறக்குறைய சரிபாதி. லாபத்தில் அப்படி இல்லை. பிரிவு வாரியான சரிக்கட்டிய எபிட்டாவில் சவாரி 650 கோடி, டெலிவரி 247 கோடி, சரக்கு சிறு நஷ்டம். இந்த மூன்றையும் கூட்டி மகிழ்வதற்கு முன் கீழே ஒரு வரி இருக்கும்: எந்தப் பிரிவிலும் சேர்க்காத தலைமையகச் செலவு, 241 கோடி. பிரிவுகளைத் தனித்தனியாக மதிப்பிட்டுக் கூட்டும் பலர் இந்த வரியைத் தொலைத்துவிடுகிறார்கள். வீட்டின் ஒவ்வொரு அறைக்கும் வாடகை போட்டுவிட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு யார் செலவு என்று கேட்காதது போல.

5. லாபத்தைத் தோல் உரியுங்கள்

இனி சித்தப்பா மகனின் பிஇக்கு வருவோம்.

2024-இல் ஊபரின் நிகர லாபம் 986 கோடி டாலர். பங்குக்கு 4.56 டாலர். அறிக்கை வந்த வாரத்து விலையை அதால் வகுத்தால் 14 வந்தது. இப்போது அந்த 986 எங்கிருந்து வந்தது என்று மேலிருந்து கீழே வாருங்கள்.

இயக்க லாபம் 280 கோடி. அதில் வட்டி 52 கோடி போகிறது. பிறகு 'இதர வருமானம்' என்று 185 கோடி சேர்கிறது. இதில் பெரும்பகுதி ஊபர் வைத்திருக்கும் மற்றக் கம்பெனிப் பங்குகளின் சந்தை விலை ஏறியதால் வந்த காகித லாபம். 2016-இல் சீனத் தொழிலை டிடியிடமும், 2018-இல் தென்கிழக்கு ஆசியத் தொழிலை கிராப்பிடமும் விட்டுக்கொடுத்தபோது பணத்துக்குப் பதில் பங்காக வாங்கினார்கள். பிறகு தன் தானியங்கிக் கார் பிரிவை அதே துறையிலுள்ள அரோரா நிறுவனத்துக்குக் கொடுத்ததும் அப்படித்தான். இந்தப் பங்குகள் ஏறி இறங்குவதற்கும் சவாரி ஓட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆக வரிக்கு முந்தைய லாபம் 413 கோடி. அதிலிருந்து வரி கழிய வேண்டும் இல்லையா? கழியவில்லை, 576 கோடி கூடியது! முந்தைய ஆண்டுகளின் நஷ்டத்தால் எதிர்காலத்தில் கிடைக்கக்கூடிய வரிச் சலுகையை, 'இனி லாபம் உறுதி, சலுகையைப் பயன்படுத்திக்கொள்வோம்' என்று முடிவு செய்து ஒரே நாளில் கணக்கில் ஏற்றிக்கொண்டார்கள். அந்த ஒரு பதிவு மட்டும் சுமார் 640 கோடி டாலர். கணக்கியல் விதிப்படி முழுக்கச் சரி. ஆனால் அடுத்த வருடம் அதே சலுகை மறுபடி புதிதாக வராது.

இதையே கண்ணாடியில் பார்த்தால் 2022. அந்த வருடம் 914 கோடி டாலர் நஷ்டம் என்று தலைப்புச் செய்தி. அதில் சுமார் 700 கோடி, கிராப், அரோரா, டிடி பங்குகள் சரிந்ததால் வந்த காகித நஷ்டம். அந்த வருடம் ஓடிப்போனவர்களும் 2024-இல் பாய்ந்து வந்தவர்களும் ஒரே வரியைத்தான் படித்தார்கள்.

எனவே இந்தப் படியில் செய்ய வேண்டியது: இயக்க லாபத்தை எடுங்கள். அதிலிருந்து 21 முதல் 25% வரை வரி கழித்து, 'தெளிந்த லாபம்' என்று ஒரு வரி எழுதுங்கள். 280 கோடியில் கால்வாசி போனால் 210 கோடி. பையனிடம் இதைப் போட்டு வகுக்கச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து, "அண்ணே, 60க்கு மேல வருது" என்று பதில் வந்தது. அதுவும் முழு உண்மையில்லை, லாப விகிதம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் கம்பெனி இது. ஆனால் 14க்கும் 60க்கும் இடையில் எங்கே நிற்கிறோம் என்ற கேள்வியே அவனுக்கு அன்றுதான் எழுந்தது.

சரிக்கட்டிய எபிட்டாவையும் இங்கேயே உரித்துவிடுங்கள். 2024-இல் அது 648 கோடி; இயக்க லாபமோ 280. இடையில் காணாமல் போன 368 கோடியில் 180 கோடி ஊழியர்களுக்குச் சம்பளமாகக் கொடுத்த பங்குகள், 71 கோடி தேய்மானம். மீதியில் முக்கியமானவை வழக்கு, வரி, ஒழுங்குமுறைத் தகராறுகளுக்கான ஒதுக்கீடுகள். இவற்றை 'அசாதாரணச் செலவு' என்று ஒதுக்குகிறார்கள். ஒவ்வொரு வருடமும் வரும் அசாதாரணம்! 2022-இல் பிரிட்டன் வரித் துறையோடு 61.5 கோடி பவுண்டுக்கு வாட் வரித் தகராறு முடிந்தது. 2024-இல் நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 29 கோடி யூரோ அபராதம் விதித்தது. சவாரித் தொழிலில் வழக்கு என்பது டயர் தேய்வதைப் போல. நான் எப்போதும் செலவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

6. ரொக்கம்: இன்சூரன்ஸ் ஒளிந்திருக்கும் இடம்

லாபத்தை நம்பாதவர்கள் ரொக்கத்தை நம்புவார்கள். நானும் நம்பினேன். சில வருடங்களுக்கு முன் இந்தத் தொழிலில் ஒரு பங்கை 'தடையற்ற ரொக்க வரத்து' (தொழில் ஈட்டிய ரொக்கத்தில் சொத்து வாங்கியது போக மிஞ்சுவது) அமோகம் என்று வாங்கி, கையைச் சுட்டுக்கொண்டபிறகுதான் அந்த அட்டவணையை வரி வரியாகப் படித்தேன். தப்பு கம்பெனியுடையது இல்லை, எல்லாம் அச்சில் இருந்தது.

ஊபரின் 2024 தடையற்ற ரொக்க வரத்து 690 கோடி டாலர். இயக்க லாபம் 280 மட்டுமே இருக்கும்போது ரொக்கம் எப்படி 690 ஆகும்?

முதல் காரணம், ஊழியர் பங்கு ஊதியம் 180 கோடி. ரொக்கம் போகவில்லை, ஆனால் கம்பெனியில் உங்களுக்குள்ள பாகம் குறைகிறது. கழியுங்கள்: 510.

இரண்டாவது காரணம்தான் இந்தத் தொழிலுக்கே உரியது. அமெரிக்காவில் ஒவ்வொரு சவாரிக்கும் பெரிய தொகைக்கு விபத்துக் காப்பீடு இருக்க வேண்டும். அந்த ஆபத்தில் பெரும் பகுதியைக் கம்பெனி தானே சுமக்கிறது. இன்று சவாரி ஓடும்போது இன்சூரன்ஸ் செலவு லாப நட்டக் கணக்கில் பதிவாகிவிடும். ஆனால் விபத்து நடந்து, வக்கீல் வந்து, வழக்கு முடிந்து பணம் கைமாற வருடக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தப் பணம் கம்பெனியிடமே இருக்கும். சவாரிகள் கூடக்கூட இந்த ஒதுக்கீடும் கூடும், ரொக்க வரத்து உப்பும். அட்டவணையில் 'காப்பீட்டு ஒதுக்கீடு' என்ற வரியைத் தேடுங்கள். 2024-இல் ஊபருக்கு இது சுமார் 280 கோடி டாலர் கூடியது. அதையும் கழித்தால் மிஞ்சுவது 230 கோடியை ஒட்டி.

கவனித்தீர்களா? வேறு பாதையில் வந்தும் 690-ஐ விட்டு, இயக்க லாபமான 280-இன் பக்கம்தான் வந்து நிற்கிறோம். இரண்டு வழியிலும் அதிகம் விலகாத எண்கள் வந்தால், தாளில் பெரிய தவறு இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இன்சூரன்ஸ் பணம் திருப்பித் தர வேண்டிய பணம். அதனால்தான் இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கத்தின் ஒரு பகுதி 'கட்டுப்படுத்தப்பட்டது' என்று தனியாக நிற்கும். கையிருப்பைக் கணக்கிடும்போது அதைச் சேர்க்காதீர்கள். அதோடு, இந்த ஒதுக்கீடு ஒரு மதிப்பீடு மட்டுமே. பழைய விபத்துகளுக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் கொடுக்க நேர்ந்தால், இந்த வருட லாபம் அடிபடும். 'முந்தைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டில் மாற்றம்' என்று குறிப்புகளில் வரும் எண்ணை நான்கு வருடத்துக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எப்போதும் மேல்நோக்கியே திருத்துகிறார்கள் என்றால், முதலில் குறைத்து மதிப்பிடும் பழக்கம் இருக்கிறது என்று பொருள்.

லிஃப்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2024-இல் தடையற்ற ரொக்க வரத்து 77 கோடி டாலர், நிகர லாபம் 2.3 கோடி. ஆண்டு முடிவில் சந்தை மதிப்பு சுமார் 540 கோடி. ரொக்கத்தை மட்டும் பார்த்தால் 14% வருமானம் தரும் அதிசயப் பங்கு. ஊழியர் பங்கு ஊதியம் 33 கோடியையும் காப்பீட்டு ஒதுக்கீட்டையும் கழித்துப் பார்த்தால் அதிசயம் கரையும். மலிவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த 14% அதற்குச் சாட்சி இல்லை.

7. பங்குகளின் எண்ணிக்கை

சின்னப் படி. 2019 முடிவில் ஊபருக்குச் சுமார் 172 கோடிப் பங்குகள், 2024 முடிவில் சுமார் 207 கோடி. ஊழியர்களுக்குக் கொடுத்ததும், போஸ்ட்மேட்ஸ் (அமெரிக்க டெலிவரி ஆப்) போன்ற கம்பெனிகளைப் பங்கு கொடுத்து வாங்கியதும் காரணம். 2024 பிப்ரவரியில் 700 கோடி டாலருக்குப் பங்குகளைத் திரும்ப வாங்குவதாக முதன்முறையாக அறிவித்தார்கள், 2025 ஆகஸ்டில் இன்னும் 2,000 கோடி. அறிவிப்பில் மயங்க வேண்டாம். வருடா வருடம் எண்ணிக்கை குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். குறையவில்லை என்றால், உங்கள் காசில் ஊழியர் பங்கை வாங்கி அடைக்கிறார்கள்.

8. போட்டியும் சட்டமும் ஊர் ஊராக மாறும்

வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு ஆட்டோ ஏறினேன். ஹேண்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் ஒரு போன், மடியில் இன்னொன்று. இரண்டிலுமாக ஊபர், ஓலா, ராபிடோ, நம்ம யாத்ரி நான்கும் திறந்திருந்தன. "எது முதல்ல அடிக்குதோ அதுக்குப் போவோம் சார்" என்றார். நானும் அவரைப் பிடிக்க இரண்டு ஆப்பில் விலை பார்த்துவிட்டுத்தான் ஏறியிருந்தேன்.

'நெட்வொர்க் பலம்' என்று ஆய்வறிக்கைகள் எழுதுவதை இந்தக் காட்சியோடு வைத்துப் பாருங்கள். டிரைவரும் தாவுகிறார், பயணியும் தாவுகிறார் என்றால் அங்கே அரண் தாழ்வு. இந்த வலை ஊருக்கு ஊர் தனித்தனி. சாவ் பாலோவில் ஆயிரம் கார் இருப்பது சென்னைப் பயணிக்கு எந்த உதவியும் செய்யாது. ஆகவே 'உலகச் சந்தையில் இவ்வளவு பங்கு' என்ற எண்ணைத் தள்ளிவிட்டு, லாபம் தரும் நாடுகளில் எத்தனை போட்டியாளர் என்று எழுதுங்கள். அமெரிக்காவில் பெரிதாக இரண்டே பேர். இந்தியாவில் பயணங்கள் ஏராளம், ஒவ்வொன்றின் காசும் கொஞ்சம், போட்டியாளரோ நாலைந்து பேர்.

சட்டத்திலும் அப்படியே ஊர்வாரியாக எழுதுங்கள். கலிஃபோர்னியாவில் டிரைவர்களை ஊழியர்களாகக் கருதும் சட்டம் 2020-இல் அமலுக்கு வந்தது, அதே நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் 22-ஆம் முன்மொழிவு ஆப் கம்பெனிகளுக்கு விலக்கு கொடுத்தது, 2024 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. மாசசூசெட்ஸில் 2024 ஜூனில் வழக்கு சமரசமாகி, மணிக்குக் குறைந்தது 32.50 டாலர் என்று முடிவானது. இந்தியாவில் 2025 ஜூலை வழிகாட்டுதல்கள் நெரிசல் நேரக் கட்டணத்தை அடிப்படைக் கட்டணத்தின் இரண்டு மடங்கு வரை அனுமதித்தன. ஒவ்வொரு செய்தியையும் 'நல்லது, கெட்டது' என்று குறிப்பதில் பயனில்லை. 2-ஆம் படியின் 25 சென்டில் இது எத்தனை சென்ட் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் கேள்விக்குறி போட்டு வையுங்கள், ஊகத்தை எண்ணாக்க வேண்டாம்.

9. டிரைவர் இல்லாத கார்

இந்தப் பங்கின் விலையை ஒரே நாளில் அதிகம் ஆட்டுவது இந்தச் செய்திகள்தான். இரண்டு கதைகள் இருக்கின்றன. முதலாவது: டிரைவர் கூலி மறையும், கட்டணம் இறங்கும், சவாரி பெருகும், கார்களை நிரப்ப ஊபரிடம் வந்தாக வேண்டும். இரண்டாவது: கார் வைத்திருப்பவனே ஆப்பும் வைத்துக்கொள்வான், இடையில் ஊபர் எதற்கு?

இரண்டுக்கும் சாட்சி இப்போதே இருக்கிறது. ஆஸ்டினிலும் அட்லாண்டாவிலும் வேமோவின் (கூகுளின் தாய் நிறுவனத்துடையது) டிரைவரில்லாக் கார்கள் 2025 முதல் ஊபர் ஆப் வழியே வருகின்றன. சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் வேமோ தன் சொந்த ஆப்பில் ஓடுகிறது. டெஸ்லா 2025 ஜூனில் ஆஸ்டினில் தன் ஆப்பிலேயே தொடங்கியது. எனவே வேமோ புதிய ஊருக்குப் போகும்போது எந்த ஆப்பைத் தேர்ந்தெடுக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய எண்ணிக்கை. ஊபர் இத்தனை கூட்டாளிகளோடு கையெழுத்திட்டது என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. 2024 ஆகஸ்டில், ஜெனரல் மோட்டார்ஸின் டிரைவரில்லாக் கார் நிறுவனமான குரூஸோடு ஒப்பந்தம் அறிவித்தார்கள். டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் குரூஸின் ரோபோ டாக்சித் திட்டத்துக்குப் பணத்தையே நிறுத்திவிட்டது.

இதை ஒரே எண்ணில் அடைக்க முயலாதீர்கள். அடுத்த படியில் போடப்போகும் கணக்கை இரண்டு கதைக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.

10. இப்போது விலையைப் பாருங்கள்

'இந்தப் பங்கின் மதிப்பு என்ன' என்று நான் கணக்கிடுவதில்லை. பத்து வருட எதிர்காலத்தை எழுதி, தள்ளுபடி விகிதத்தை (நாளைய பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) அரை சதவீதம் ஆட்டினால் விடை எங்கோ போய்விடும். 'இந்த விலை எதை நம்பி நிற்கிறது' என்று பின்னோக்கிக் கேட்பது சுலபம்.

2024 கடைசி நாள் விலை 60.32 டாலர். மொத்த மதிப்பு சுமார் 12,500 கோடி. எனக்கு வருடம் 10% வேண்டும், ஐந்து வருடம் வைத்திருப்பேன் என்றால் அது 20,100 கோடி ஆக வேண்டும். அன்றைக்குச் சந்தை, தெளிந்த லாபத்தைப் போல 20 மடங்கு கொடுக்கும் என்று வைத்தால், தேவைப்படும் லாபம் 1,005 கோடி.

புக்கிங் வருடம் 15% வளர்ந்தால் ஐந்து வருடத்தில் 32,700 கோடி. அதில் 1,005 என்பது 3.1%. புக்கிங் 10% மட்டும் வளர்ந்தால் 26,200 கோடி, தேவை 3.8%. சந்தை 20-க்குப் பதில் 16 மடங்குதான் கொடுக்கும் என்றால், 15% வளர்ச்சியிலேயே 3.8% தேவை.

2024-இல் உண்மையில் இருந்தது, வரி கழித்தபின் சுமார் 1.3%. ஆக, அன்று 60 டாலர் கொடுத்தவர் நம்பியது இதைத்தான்: புக்கிங் இரண்டு மடங்காகும், ஒவ்வொரு டாலர் புக்கிங்கிலும் மிஞ்சுவதும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். 14 டாலர் பயணத்தில் மிஞ்சும் 25 சென்ட், வரிக்கு முன் 55 சென்டுக்கு மேல் போக வேண்டும். நடக்காததென்று சொல்லவில்லை. விளம்பரங்கள் ஒரு வழி, இன்சூரன்ஸ் செலவு குறைவது இன்னொரு வழி, தலைமையகச் செலவு புக்கிங் வேகத்தில் வளராதது மூன்றாவது. இந்த மூன்றில் எதை நம்பி வாங்குகிறீர்கள் என்று பெயர் சொல்ல முடிய வேண்டும்.

கடனையும், கையிலுள்ள கட்டுப்பாடற்ற ரொக்கத்தையும், மற்றக் கம்பெனிப் பங்குகளையும் நான் இங்கே விட்டுவிட்டேன். உங்கள் தாளில் விடாதீர்கள். கடனைக் கூட்டி, மற்ற இரண்டையும் கழித்து, அதன்பின் தொடங்குங்கள். 5-ஆம் படியில் லாபத்திலிருந்து நீக்கிய அந்தப் பங்குகளின் மதிப்பு சேரும் இடம் இதுதான். இரண்டு இடத்திலும் சேர்ப்பவர்கள் உண்டு, இரண்டிலும் விடுபவர்களும் உண்டு.

11. இந்தியாவிலிருந்து வாங்குபவர்களுக்கு

ரிசர்வ் வங்கியின் தாராளப் பணப் பரிமாற்றத் திட்டத்தில் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20% வரியைப் பிடித்துவைக்கும். அது வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் அதுவரை பணம் முடங்கும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5% மூலதன ஆதாய வரி. வரி விதிகள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும் என்பதால் வாங்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது வேறு இடத்தில். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலை நிரப்ப வேண்டும், அதுவும் நிதியாண்டுக்கு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கு. ஊபர் டிவிடெண்ட் தருவதில்லை, அதனால் 'வருமானமே இல்லையே, எதற்குக் காட்டணும்' என்று விட்டுவிடுகிறார்கள். இப்படிப்பட்ட வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தால் அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

12. வாங்கியபின் ஒவ்வொரு காலாண்டும்

முடிவுகள் வரும் நாளில் பங்கு விலையைத் திறக்கும் முன் ஆறு கட்டங்களை நிரப்புங்கள்: பயணங்கள், மாதப் பயனாளர், மொத்த புக்கிங், இயக்க லாபத்தை புக்கிங்கால் வகுத்தது, காப்பீட்டு ஒதுக்கீடு கூடியது எவ்வளவு, பங்குகளின் எண்ணிக்கை. இருபது நிமிட வேலை. நிரப்பியபின், 10-ஆம் படியில் நீங்கள் பெயர் சொன்ன காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். விலையை முதலில் பார்த்துவிட்டால் அந்த வரியை விலையே எழுதிவிடுகிறது. சித்தப்பா மகன் இப்போது தாளை நிரப்பி எனக்கு அனுப்புகிறான். போன தடவை காப்பீட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டு, "இது எந்தப் பக்கத்துல இருக்குண்ணே?" என்று கேட்டிருந்தான். ரொக்க வரத்து அட்டவணையில், நடைமுறைச் சொத்து பொறுப்பு மாற்றங்களுக்கு அடியில், கடைசிக்குச் சற்று மேலே பார்.